முத்தையா சாருக்குப் போட்ட மார்க்

மேலதிகாரிகளுக்கு மார்க் போட நாள் குறித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உங்களில் யாராவது மனிதவளத் துறையில் மாட்டிக்கொண்டிருந்தால் தெரியும், நம்மைப் பார்த்ததும் எதிரே வருகிறவர்கள் போன் பேசுவதுபோல் நடிப்பார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் காண்ட்ராக்ட் கம்பெனி எங்களுடையது; ஆபீஸ் மந்தாரக்குப்பத்தில்.

வருஷத்துக்கு ஒருமுறை

முத்தையா சார் எங்கள் புராஜெக்ட் ஹெட். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு வருஷம் மழையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியபோது வீட்டுக்கே போகாமல் பம்புகளோடு நின்றார். வேலை ஒரு ஷிப்ட்கூட நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு பக்கம் மண் சரிந்து ஒரு மெஷின் புதைந்தது. யாருக்கும் அடியில்லை. மார்ச்சில் அந்த வருஷத்துக்கு மார்க் போடச் சென்னையிலிருந்து டைரக்டர் வந்தார். பேச்செல்லாம் அந்த மெஷினைப் பற்றித்தான். வெளியே வந்த சார் கைக்குட்டையை மடித்தபடி சொன்னார்: "மழை பெஞ்சது அவுகளுக்கு மறந்துபோச்சு மேடம். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்."

மாதாமாதம்

வருஷத்துக்கு ஒருமுறை போதாது என்று எல்லோரும் முனகியதால் மாதாமாதம் வீடியோவில் ரிவ்யூ என்றார்கள். நான்தான் நாள் குறித்தேன். அந்தச் சமயத்தில்தான் சாரின் மனைவி வசந்தா அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பாண்டிச்சேரியில் வைத்தியம். சார் தன் ரிவ்யூவை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டார். நான் டைரக்டரிடம் கேட்டேன். ஒருவருக்குத் தள்ளினால் எல்லோருக்கும் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ரிவ்யூ அன்றைக்கு அக்காவைப் பார்க்க நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சார் வராந்தாவில் போனைத் தூக்கிப் பிடித்து, எத்தனை லோடு மண் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "டாக்டர் வர்ற நேரம்மா. இவரு அங்க நின்னு 'கேக்குதா, கேக்குதா'ன்னுட்டு இருக்காரு. டாக்டர் சொல்லப்போறத நான் ஒருத்தியாத்தான் கேட்டுக்கிடணும்."

ஏழுமலை சொன்னது

தை பிறக்குமுன் அக்கா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே சார் வேலைக்கு வந்துவிட்டார். ஆபீசில் எல்லோரும் அவருடைய மனதிடத்தைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய டிரைவர் ஏழுமலை மட்டும் என்னிடம் தனியாக வந்தார்.

"அய்யா வூட்டு வாசல் வரைக்கும் வராருங்க. உள்ள லைட்டு எரியலையேன்னு பாத்துகினே இருக்காரு. அப்பால 'மைன்ஸுக்கே வுடு ஏழுமலை'ன்றாரு."

முதலிடம்

அந்தக் காலாண்டில் எங்கள் கம்பெனியின் எல்லாச் சைட்டுகளிலும் முத்தையா சார்தான் முதலிடம். டைரக்டர் நேரில் வந்து கை குலுக்கினார். உங்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் சார் என் மேஜைக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "வீட்டுல ஆளில்லன்னுதானே இங்கேயே கெடந்தேன் மேடம். அதுக்கா மார்க் போட்டுட்டாக?"

மேலதிகாரிகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடை போடலாம் என்று எங்கள் ஆபீசில் இன்னும் கூட்டம் நடக்கிறது, எடை போடுகிறவர் அவர்களிடம் எப்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார் என்பதற்குத்தான் யாரும் என்னிடம் நாள் குறிக்கச் சொல்லவில்லை.