ஈரல் துண்டை முதலில் பாரும்

1961 மார்ச் 7, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தேகால் மணி. பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், ஷிஃப் என்ற சாயத் திரவத்தில் எட்டு நுண்ணோக்கிச் சிலைட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. தந்திக்காரர் வாசலில் நின்றபடியே உறையை நீட்டினார். லீவில் யாழ்ப்பாணம் போயிருந்த எங்கள் ஆய்வுகூட டொக்டர் நமசிவாயம், முதல் நாள் மாலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். தந்தியை மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். சிலைட்டுகளுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நேரத்துக்கு முன் எடுத்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். நான்கு நிமிடமும் நின்றேன். பிறகு எடுத்துக் கழுவினேன். குழாய்த் தண்ணீர் படப்பட சிவப்பு ஏறியது.

பதுளையில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் குணத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆய்வுகூடத்துக்குள் அவர் செய்த வேலை இந்த இரங்கல் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியாது. நான் பெரும்பாலும் அதையே சொல்கிறேன். மிகைப்படுத்திப் புகழ எனக்கு வராது. மனிதர் மெதுவானவர். ஒரு சிலைட்டைப் பார்த்து முடிக்குமுன் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரின் மகனான நான், கொழும்பில் படிப்பை முடித்துவிட்டு அவருக்கு உதவியாளனாக இங்கே வந்த முதல் வாரம், இரைப்பையில் சீதம் என்ற வழுவழுப்பான சளி சுரக்கும் கலங்களைப் பிரித்துக் காட்டும் முறையை அவர் செய்வதைப் பார்த்தேன். ஷிஃப் திரவம் சீதத்தைச் சிவப்பாக்கும். சிக்கல் என்னவென்றால், கலத்துக்குள் சேமிப்பாக இருக்கும் மாச்சத்தான கிளைக்கோசனையும் அது அப்படியே சிவப்பாக்கும். ஆகவே ஒரே சதையிலிருந்து இரண்டு சீவல் எடுப்போம். சாயமேற்றுமுன் ஒன்றின்மேல் கிளைக்கோசனைக் கரைக்கும் நொதியை ஊற்றுவோம். அதற்குப் பிறகும் சிவப்பு நின்றால் சீதம், மறைந்தால் கிளைக்கோசன். அந்த நொதித் தூள் கொழும்பிலிருந்து வர மாதக்கணக்காகும். டொக்டர் வாயை இரண்டு தரம் கொப்பளித்துவிட்டு, சிலைட்டின்மேல் தம் எச்சிலைத் துப்பினார்.

"எச்சியா ஐயா?" என்றேன்.

"ஐசே, உம்மட வாயில சும்மா ஊறிறதைத்தான் அவங்கள் போத்தல்ல அடைச்சு விக்கிறாங்கள்."

கூடவே எப்போதும் ஓர் ஈரல் சீவலும் வைத்து, அதன்மேலும் துப்புவார். ஈரலில் கிளைக்கோசன் நிறைய உண்டு. எச்சில் வேலை செய்திருந்தால் அங்கே சிவப்பு மறைந்தே ஆகவேண்டும். தினமும் இது எதற்கு, வீண் வேலை என்று வாதாடினேன். "என்னை நம்பாதையும். ஈரல் துண்டை முதலில் பாரும்" என்றார், சிரிக்காமல்.

1958இல் மடுல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து தெய்வானை என்ற கொழுந்து பறிக்கும் பெண் வந்தார். இரைப்பையில் கட்டி. சத்திரசிகிச்சை டொக்டர் கட்டியை வெட்டி எங்களிடம் அனுப்பினார். சீதக் கலங்கள் இருக்கவே கூடாத ஆழத்தில், உள்ளே வெறுமையாகத் தெரியும் உருண்டைக் கலங்கள் இருந்தன. அவற்றில் இருப்பது சீதமென்றால் புற்றுநோய். மறுநாள் காலையே முழு இரைப்பையையும் எடுப்பதாக ஏற்பாடு. கிளைக்கோசன் என்றால் வெட்டியதே போதும்.

அன்று முற்பகல் நமசிவாயம் தெமோதரையில் ஒரு கங்காணி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். வந்த கையோடு கொப்பளித்தார், துப்பினார். சாயமேற்றி முடித்தபோது சத்திரசிகிச்சை டொக்டர் கதவிலேயே நின்று அவசரப்படுத்தினார். நமசிவாயம் இரைப்பைச் சிலைட்டை மட்டும் பார்த்தார். சிவப்பு நின்றது. "சீதம்தான்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

சத்திரசிகிச்சை டொக்டர் போன பிறகு ஈரல் சிலைட்டை நான் வைத்துப் பார்த்தேன். அதுவும் செக்கச்செவேல்.

"ஐயா, ஈரலும் செவப்பா இருக்குங்க. உங்க எச்சி வேல செய்யல. கல்யாண வீட்டுல வெத்தல போட்டீங்களா?"

நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். கொப்பளித்தும் போகாத காவி. வெற்றிலைத் தட்டை நீட்டியவர் மணப்பெண்ணின் தகப்பன், வேண்டாமென்றால் அவமரியாதை. சுண்ணாம்பும் பாக்கும் எச்சிலைக் கெடுத்திருந்தன.

ஈரல் சிலைட்டைத் தாமே ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்தார்.

"போன்ல சொல்லிறலாங்களே" என்றேன்.

"பிழையைப் போனில சொல்லக் கூடாது ஐசே. நடந்துபோய்ச் சொல்லவேணும்."

போனார். தாதிமார் முன்னிலையில் சத்திரசிகிச்சை டொக்டரிடம், "நான் சொன்னது செல்லாது. என்ர பிழை. நாளைக்கு வெட்டாதையும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் தரத்தில் இருந்த எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பி வந்து, "இப்ப நீர் துப்பும்" என்றார். புதுச் சீவல்களில் என் எச்சில். ஈரலை முதலில் பார்த்தோம்: சிவப்பு இல்லை. இரைப்பையின் உட்படலத்துச் சீதக் கலங்கள் வழமைபோலச் சிவப்பாகவே இருந்தன. ஆழத்தில் இருந்த உருண்டைக் கலங்களில் மட்டும் சிவப்பு மறைந்திருந்தது. கிளைக்கோசன்.

அதைச் சொல்ல வார்டுக்கும் அவரே நடந்தார். நானும் போனேன்.

"அம்மா, நாளைக்கு உங்களுக்கு ஒப்பரேசன் இல்லை. பிழையாச் சொல்லிப்போட்டன். வெத்திலை போட்ட வாயால வந்த வினை."

தெய்வானை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "நீங்க வெத்தல போட்டதுக்கா என் வகுத்த அறுக்கப் பாத்தீங்க? நல்லா இருக்குங்க நாயம்!" தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நமசிவாயம் அந்த அழுகை அடங்கும்வரை கட்டிலருகிலேயே நின்றார்.

அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "மன்னிக்கவேணும், என்ர வாய் அரசாங்கத்தின்ர" என்பார். தெய்வானை ஒவ்வொரு சித்திரையிலும் வந்து ஆய்வுகூட வாசலில் நின்று, "எச்சி டாக்டரு இருக்காருங்களா?" என்று கேட்பார். அந்தப் பட்டத்தில் டொக்டருக்கு ஏகப்பட்ட பெருமை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றைய எட்டுச் சிலைட்டுகளையும் அவசரப்படாமல் பார்த்து முடிப்பேன்.

2. கதவில் யார் நின்றாலும் ஈரலைப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன்.

3. வெற்றிலைத் தட்டைத் தொட்டுக் கும்பிடுவேன். எடுக்க மாட்டேன்.

4. சித்திரைவரை காத்திருக்காமல், ஞாயிறன்று மடுல்சீமைக்குப் போவேன். பஸ் போகிற மட்டும் பஸ், அதற்குப் பிறகு நடை. தெய்வானை வாசலில் வந்து கேட்குமுன் நானே போய்ச் சொல்லவேண்டும்.