கொக்கி பிடிக்குமா?

கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற மச்சான், பேரையூர்ப் பக்கம் தன் புஞ்சைக் காட்டில் பிள்ளைகள் விளையாட ஒரு தகர விமானம் செய்தார். சரிவான தண்டவாளத்தில் அது உருண்டு வரும். போர்க்கப்பலில் இறங்கும் விமானத்தைப் போல, வாலிலுள்ள கொக்கி குறுக்குக் கயிற்றைப் பிடித்து நிறுத்தும்.

சோதனைக்கு மணல் மூட்டையை ஏற்றி விட்டோம். கொக்கி கயிற்றைப் பிடிக்கவில்லை. விமானம் தண்டவாள முடிவில் வைத்திருந்த டயர் அடுக்கில் மோதி மூட்டை கிழிந்தது. அந்த இடத்தில் ஒரு பிள்ளை இருந்திருந்தால்?

மச்சான் கொக்கியைத் தாழ்த்தினார். அதன்பின் விட்ட மூட்டைகளெல்லாம் ஒழுங்காக நின்றன.

"போதும் மாப்ள, பிள்ளைகளக் கூப்பிடு" என்றார்.

"மொதல்ல நான் ஏறுறேன்" என்று பக்கத்தில் நின்ற அக்கா விமானத்தில் ஏறி, இடுப்பு பெல்ட்டை மாட்டி உட்கார்ந்துவிட்டாள். விமானம் கிளம்பியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். படாரென்று சத்தம். கயிறு பிடித்திருந்தது.

அக்கா நெற்றியைத் தேய்த்தபடி இறங்கினாள். "முன்னால போயி முட்டிட்டேன். தோளுக்கும் பெல்ட் மாட்டாம ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது."

தோள் பெல்ட் மாட்டும்வரை யாரும் ஏறாதபடி மச்சான் விமானத்தைச் சங்கிலியால் பூட்டினார்.