சிவப்பில் வலது திரும்பாத ஞானசுந்தரம்

லைற் மஞ்சளாவதற்கு முன்பே ஞானசுந்தரத்தின் வலது கால் பிறேக்கில் ஏறிவிடும். காரை ஓட்டுவது அவரல்ல, பக்கத்தில் இருக்கும் மாணவர். கார் பழக்குகிறவரின் காலடியிலும் ஒரு பிறேக் பூட்டியிருப்பார்கள், ஆபத்துக்கு உதவட்டும் என்று. ஞானசுந்தரத்துக்கு எல்லா நேரமும் ஆபத்துத்தான். பச்சையில் போகும்போதும், வெறும் தெருவில் ஊரும்போதும், அவருடைய சப்பாத்து அந்தக் கட்டையில் தொட்டும் தொடாமலும் நிற்கும். யாராவது குறைப்பட்டால், "நான் அமத்தேல்லை, சும்மா வைச்சிருக்கிறன்" என்பார்.

வயது அறுபத்தொன்று. வெயிலில் மொன்றியல் உருகுகிற நாளிலும் கழுத்தில் ரை கட்டியிருப்பார். வாயில் ஒரு ஏலக்காய். கார் பழக வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் ஞானம் அண்ணை. லண்டனில் இருந்த காலத்தில் சிவப்பு மாடி பஸ் ஓட்டியவர். மனைவியின் சகோதரங்கள் அத்தனை பேரும் மொன்றியலில் இருந்ததால் இருபது வருடங்களுக்கு முன்பு இங்கே வந்து சேர்ந்தார். லண்டனில் ஸ்டியரிங் வலது பக்கம். இங்கே வலது பக்கத்தில் சும்மா இருக்கிறவருக்குத்தான் இடம். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அவருடைய பதில் தயார்: "என்ரை சீற்றை நான் ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்கேல்லை. ஸ்டியரிங்கை மட்டும்தான் விட்டனான்."

சீற்றைப் போலவே அவர் விட்டுக்கொடுக்காத இன்னொன்று பிரித்தானியத் தேர்தல். தான் குடியிருக்கும் கனடாவின் தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்து தேநீர் குடிப்பார், அவ்வளவுதான். அங்கே தேர்தல் என்றால் பசி எடுக்காது. கார் பழகுகிறவர்களுக்கு சமாந்தரமாக நிறுத்தும் வித்தையும், அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் ஏன் வரிசை நீள்கிறது என்ற விளக்கமும் ஒரே கட்டணத்தில் கிடைக்கும். பற்றிக் என்ற கெபெக் மாணவர் ஒருமுறை பொறுமை இழந்து, "மிஸ்யூ, அந்த அரசர் வீட்டுச் சண்டை எங்களுக்கு எதற்கு?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டார். "உன்ரை பொக்கற்றுக்குள்ளை இருக்கிற நோட்டை எடுத்துப் பார், அரசர் வீட்டிலை ஆற்றை முகம் எண்டு" என்று அதே பிரெஞ்சில் பதில் வந்தது. பற்றிக் அதன் பிறகு கண்ணாடிகளைப் பார்த்து ஓட்டுவதில் கவனம் செலுத்தினார்.

கருத்துக்கணிப்பு நிறுவனங்களை ஞானசுந்தரம் நம்புவதில்லை. "அவங்கள் நேரே கேக்கிறாங்கள். நேரே கேட்டால் எங்கடை சனம் உண்மை சொல்லுமோ?" ஞாயிறு காலையில் அவரே தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்காருவார். லண்டன், லெஸ்ரர், மில்ரன் கீன்ஸ் என்று உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராக அகப்படுவார்கள். கட்சியைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். வீட்டுச் சூடாக்கிக்கு எவ்வளவு போகிறது, மகன் வாடகை வீட்டிலா, பல் வைத்தியரிடம் காட்ட இடம் கிடைத்ததா என்று சுற்றிச் சுற்றி வருவார். "ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என்கிறவர் வாக்களிக்கவே போகமாட்டார். "பாப்பம்" என்றால் நீலம், அதாவது கொன்சவேட்டிவ். "நாங்கள் முறைப்படி வந்தனாங்கள், இப்ப வாறவை அப்பிடியோ" என்று குரலைத் தாழ்த்தினால் நீலத்துக்கும் அங்காலே, இன்னும் வலதுக்கு. "ரெண்டு பேரிலையும் பிழை இருக்கு" என்று இழுக்கிறவர்கள் மஞ்சள் கட்சி. இந்தக் கடைசி இனத்தின் மேல்தான் அவருக்கு மரியாதை மிகக் குறைவு. "முடிவெடுக்கத் தெரியாததுகள். ரவுண்டபவுட்டிலை விட்டால் பெற்றோல் முடியும் மட்டும் சுத்துங்கள்."

அவர் சிவப்பு. லேபர். பஸ் ஓட்டிய நாளிலிருந்து அதுதான். அந்த லேபரும் வரவர வலது பக்கம் சாய்கிறது என்பது அவருக்குள்ள ஒரே மனக்குறை. அந்தக் குறையை அவர் தெருவில் தீர்த்துக்கொள்கிறார். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக்கூடாது. பாலம் தாண்டி லொங்குய்யுக்கோ புரோசார்ட்டுக்கோ போனால் நின்று பார்த்துத் திரும்பலாம், சட்டம் விடுகிறது. ஞானசுந்தரம் விடமாட்டார். "பாலத்துக்கு இஞ்சாலை ஒரு கொள்கை, அங்காலை ஒரு கொள்கையோ? சிவப்பு எண்டால் வலது திரும்பாது. லேபர் கட்சிக்குத்தான் அது விளங்கேல்லை, நீங்களாவது விளங்கிக்கொள்ளுங்கோ." பின்னால் நிற்கும் கார்கள் கோண் சத்தத்தால் காதைக் கிழிக்கும். அவருடைய கால் பிறேக்கில் இருக்கும்.

2024இல் அவருக்கு ஒரு பரிசு கிடைத்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் வாக்கு இல்லை என்றிருந்த பிரித்தானியச் சட்டம் மாறி, போன வாக்கு திரும்பி வந்தது. ஆளைப் பிடிக்க முடியவில்லை. புது ரை வாங்கினார், சிவப்பில். தபாலில் வாக்குச்சீட்டு இங்கே வந்து திரும்பிப் போவதற்குள் தேர்தல் முடிந்துவிடும் என்பதால், அங்குள்ள ஒருவரைத் தனக்குப் பதிலாக வாக்குச்சீட்டில் புள்ளடி போட நியமிக்க வேண்டியிருந்தது. அவர் கடைசியாக வாழ்ந்த லண்டன் ஹரோ வீட்டு முகவரியில்தான் அவருக்கு வாக்கு. அங்கே இன்றும் இருக்கிறவர் தங்கை தாட்சாயினி. வேறு வழியில்லை. தாட்சாயினி நீலம். வீடு வீடாகக் கதவு தட்டித் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் அளவுக்கு நீலம்.

அந்த நியமனத்துக்குப் பிறகு ஞானசுந்தரம் நன்றாக உறங்கவில்லை. புள்ளடி போட்ட சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். "படம் எடுத்தால் பொலிஸ் என்னைப் பிடிச்சு மறியலுக்குள்ளை போடும் அண்ணை" என்றாள் தங்கை. சொன்ன கட்சிக்கே போடுவேன், அம்மாவாணை என்று சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தாள், கொஞ்சம் மூக்குச் சுருக்கத்தோடு. அப்படியும் அவருக்கு ஆறவில்லை.

தேர்தல் நாள் நண்பகல், புரோசார்ட்டில் செல்வமலருக்குக் கார் பழக்கிக்கொண்டிருந்தார். செல்வமலர் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர், ஐம்பதைத் தொடப்போகிறவர். கணவர் தேவதாசன்தான் முதலில் பழக்கினார். இரண்டாவது பாடத்தோடு வீட்டில் கதைபேச்சு நின்றுபோனதால் செல்வமலர் ஞானம் அண்ணையிடம் ஒப்படைக்கப்பட்டார்.

"என்ன அண்ணை, இண்டைக்கு ரை சிவப்பாய் இருக்கு?"

"எலெக்சன் தங்கச்சி. லண்டனிலை. இப்ப அங்கை பின்னேரம். என்ரை ஆள் வேலை முடிஞ்சு வோட் போடப் போற நேரம்."

"உங்கடை தங்கச்சியோ? அவ மற்றக் கட்சி எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அதுதான் பிரச்சினை. லேனைப் பாருங்கோ."

"சொல்லிறதை வடிவாச் சொல்லி விட்டனீங்களோ?"

"ஒரு வசனத்திலை சொன்னனான். 'நீ எனக்கு அரசியல் படிப்பிக்காதை, ஒரு கேள்வியும் கேக்காதை, எப்பவும் போல லிபரலுக்குப் புள்ளடியைப் போட்டிட்டு வா' எண்டு."

செல்வமலர் பின்கண்ணாடியைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், பழக்கியபடியே எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அங்கையும் சிவப்புக் கட்சிக்கு லிபரல் எண்டோ பேர்?"

ஞானசுந்தரத்தின் வாயில் ஏலக்காய் அசையாமல் நின்றது.

கனடாவில் சிவப்பு என்றால் லிபரல். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து இங்கே அதற்குத்தான் அவர் போட்டு வருகிறார். சிவப்பு, லிபரல் என்ற இரண்டு சொற்களும் நாக்கில் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. பிரித்தானியாவில் லிபரல் என்றால் மஞ்சள். அவர் ரவுண்டபவுட்டில் சுற்றவிட்ட அதே மஞ்சள்.

"தங்கச்சி, காரை எங்கையாவது விடுங்கோ. கதைக்கோணும்."

ஓடுகிற காரில் போனைத் தொடக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். லைற்றுக்கு அப்பால், வலது பக்கம் திரும்பியதும் ஒரு மருந்துக்கடையின் வாகனத் தரிப்பிடம் தெரிந்தது. லைற் சிவப்பு. செல்வமலர் நின்றார், சிக்னலைப் போட்டார், மூன்று பக்கமும் பார்த்தார். ஒரு சைக்கிள்கூட இல்லை.

"திரும்பட்டோ அண்ணை?"

"சிவப்பு."

"இஞ்சை திரும்பலாம்தானே. அவசரமெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"சிவப்பு எண்டு சொன்னனான்."

பின்னால் கோண் அடித்தது. பிறகு நீட்டி அடித்தது. ஞானசுந்தரம் போனை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு, காலைப் பிறேக்கில் அழுத்தியபடி இருந்தார். ஒருவழியாகப் பச்சை விழுந்தது. கார் திரும்பியது, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓரளவு நேராக நின்றது. எஞ்சின் அணைந்த பிறகே அவர் இலக்கத்தை அழுத்தினார். அவசரத்தில் சத்தம் வெளியே கேட்கும் பொத்தானும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"அண்ணை, இப்பதான் போட்டிட்டு வாசலுக்கு வாறன்" என்றது ஹரோ. "ரெண்டும் போட்டாச்சு."

"ஆருக்குப் போட்டனி?"

"என்ரையை என்ரை ஆளுக்கு. உங்கடையை லிபரலுக்கு. இன்னும் நம்பிக்கை இல்லையோ?"

ஞானசுந்தரம் கண்ணை மூடித் திறந்தார். "தாட்சா, லேபர் எண்டல்லோ சொல்ல வந்தனான்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. வாக்குச்சாவடி வாசலில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "நானும் யோசிச்சனான். லேபர் லேபர் எண்டு என்ரை காதைத் திண்ட மனிசன் ஏன் திடீரெண்டு மஞ்சளாய்ப் போச்சுது எண்டு. கனடாக் குளிர் மண்டைக்குள்ளை ஏறீட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

"கேட்டிருக்கலாம்தானே?"

"கேள்வி கேக்காதை எண்டது நீங்கள். சத்தியம் வாங்கினது நீங்கள். இப்ப என்னிலை பாயிறியளோ? ஒரு நிமிசம் முந்தி எடுத்திருந்தால் மாத்திப் போட்டிருப்பன்."

செல்வமலர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, மருந்துக்கடை விளம்பரத்தை ஊன்றி வாசிக்கத் தொடங்கினார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

தாட்சாயினியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்கடை பேரைச் சொல்லித்தான் அண்ணை அந்தப் பேப்பரைத் தந்தவை. கையிலை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டனான். என்ரை ஆளுக்கே ரெண்டையும் குத்தியிருக்கலாம், ஆருக்குத் தெரியப்போகுது. மனம் வரேல்லை. அது உங்கடை வோட். அதை நீங்கள் பழுதாக்கலாம், நான் பழுதாக்கேலாது."

ஞானசுந்தரம் ரையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"சாப்பிட்டியோ?" என்றார் கடைசியில்.

"இனித்தான். நீங்கள்?"

"பேந்து சாப்பிடுவன். கார் பழக்கிக்கொண்டிருக்கிறன். போனை வை."

செல்வமலர் காரை மெல்லப் பின்னெடுத்துத் தெருவுக்கு இறக்கினார். பாடம் முடிந்து வீட்டுக்குப் போக அடுத்த சந்தியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயும் சிவப்பு. நிறுத்தினார், சிக்னல் போட்டார், மூன்று பக்கமும் பார்த்தார். பாதை வெறுமையாக இருந்தது. வழக்கமான அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். இரண்டாவது பிறேக்கின் மேல் சப்பாத்து இல்லை. ஞானசுந்தரம் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, இருக்கைக்குக் கீழே மடக்கி வைத்திருந்தார்.