ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்

முருகனை நம்பிக் கூடியிருக்கும் அம்மாமார்களே, தங்கைகளே, வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் நான் நொறுங்கிப்போயிருந்தேன். கோவையில் கல்லூரி இரண்டாம் வருடம். வாலிபால் அணியில் இருந்தேன். பந்தை அடிக்க எம்பிக் குதித்துத் தரையில் இறங்கும்போதெல்லாம் சிறுநீர் கசிந்தது. முதலில் சில சொட்டு. பிறகு உடை நனையும் அளவுக்கு. இந்த வயதில் இப்படியா? நாப்கின் வைத்துக்கொண்டு ஆடினேன். பயிற்சிக்கு முன் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். தலை சுற்றியது. கசிவு நிற்கவில்லை. என் உடம்பே எனக்குத் துரோகம் செய்தது.

காவ்யாவிடம் மட்டும் சொன்னேன். வெள்ளகோவில்காரி. பள்ளியிலிருந்தே என்னோடு ஆடியவள், விடுதியில் ஒரே அறை. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பினேன்.

போட்டிக்கு ஆள் எடுத்த அன்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏம்மா, குதிச்சா உனக்கு ஒண்ணுக்குப் போயிருதாமா? நீ கொஞ்ச நாளைக்கு உக்காரு."

சிலர் சிரித்தார்கள். என் இடம் காவ்யாவுக்குப் போனது. அறைக்கு வந்து கேட்டேன். "டீமுக்காகத்தான்டி சொன்னேன்" என்றாள். அந்த வார்த்தை இன்னும் எரிகிறது.

பையைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலத்துக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆட்டம் சலித்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்கு அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போனார். சன்னதியில் எனக்குக் கும்பிட வரவில்லை. சண்டைதான் போட்டேன். "நீயும் கைவிட்டுட்டியா முருகா? இதக் கேட்டுச் சிரிக்காத ஒரு ஆளக் காட்டு, போதும்!" வாய்விட்டு அழுதேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன்.

பின்னால் நின்ற அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. பிராகாரத்தில் உட்காரவைத்து விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏங் கண்ணு, எங்கிட்டச் சொல்லுல?"

"ஆட்டத்த நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்துட்டனுங்ம்மா."

அம்மா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "உன்னப் பெத்ததுல இருந்து எனக்கும் இருக்குது கண்ணு. தும்முனாப் போதும். பொம்பளைன்னா இப்படித்தான்னு உட்டுப்போட்டேன். நீ உடாதே. வா, ரெண்டு பேரும் டாக்டரப் பாக்கலாம்."

நான் கேட்ட ஆளை என் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்தியிருந்தான் முருகன்.

கோவையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். குதித்து ஆடும் இளம்பெண்கள் பலருக்கு இது வருவதுதான் என்றார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தக் கூடாது என்று கண்டித்தார். சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். அம்மாவும் நானும் பாயை விரித்துச் சேர்ந்தே செய்தோம். தைப்பூசத்துக்குள் நல்ல மாற்றம். இப்போது அம்மா தும்மலுக்குப் பயப்படுவதில்லை. நான் வேறு அணியில் ஆடுகிறேன். மிகவும் களைத்த நாளில் ஒரு சொட்டு கசிவதுண்டு. அதற்காக அழுவதில்லை.

காவ்யாவை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். சமீபத்தில் ஒரு போட்டியில் எதிரே வந்து "சாரிடி" என்றாள். நான் விலகிப் போய்விட்டேன். அதையும் முருகனிடமே விட்டிருக்கிறேன்.

வெளியே சொல்ல முடியாத வேதனை உங்களுக்கும் இருந்தால், கோபமாகவாவது அவனிடம் சொல்லுங்கள். அவன் தாங்குவான். பிறகு டாக்டரிடமும் சொல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வருகிறேன். எங்கள் அம்மாவும் வருவார்.