தேரன்று பிறந்த மாரி

தெருவோரக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையில் பாதி நாள் அவர்கள் பிறந்த நாளைத் தேடுவதிலேயே போய்விடும். அலுவலக வாசல்களில் பேச வாய் வராமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் கட்சி. கல்லூரி முடித்ததும் ராஜபாளையத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் என் பொறுப்பில் வந்தவள் மாரி.

போலீஸ்காரர் கையில் பலூன்

பேருந்து நிலையத்தில் அம்மா காளியம்மாளோடு பலூன் விற்பாள் மாரி. படுக்கையும் அங்கேதான். விடுதியுள்ள பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். புரட்டாசி பிறந்தால் காளியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே உள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் கூட்டத்துக்குப் போவார், அங்கிருந்து அடுத்த ஊர்த் திருவிழா. பிறகு பிடிக்க முடியாது.

மாரி எப்போது பிறந்தாள் என்று காளியம்மாளிடம் கேட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரன்னைக்கு. தேரு கெளம்புது, எனக்கு வலி வருது. பலூனை ஒரு போலீஸ்காரர் கையில குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"எந்த வருஷம்?"

"அதை அந்தப் போலீஸ்காரர்கிட்டதான் கேக்கணும்."

சொத்தைப் பல்

வருஷம் தெரியாவிட்டால் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். எங்கள் மருத்துவ முகாமுக்கு மாரியைக் கூட்டிப்போனேன். அவள் ஒரு பக்கமாகவே மெல்வதை நான் முன்பே கவனித்திருந்தேன். டாக்டரிடம் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். அவரே கண்டுபிடித்துச் சொத்தைப் பால்பல்லைப் பிடுங்கினார். வயது பத்து, மிஞ்சினால் பதினொன்று என்றார். மாரி அந்தப் பல்லைப் பஞ்சில் சுருட்டினாள்.

"வயசு இதுலதான் இருக்குன்னா நானே வச்சுக்கிடுதேன் டாக்டர். ஆபீஸ்ல கேப்பாவ."

சீட்டில் இரண்டு நாள்

வியாழக்கிழமை மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதினோரு வருஷத்துக்கு முன்பும் பத்து வருஷத்துக்கு முன்பும் தேர் ஓடிய நாட்களைப் போனில் தேடி, சீட்டில் எழுதி வைத்திருந்தேன். காளியம்மாள் பலூன்களோடு வாசலில் நின்றார். வரிசையில் என் முறை வந்தது. பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன். அடுத்தவருக்கும் விட்டேன். மாரி என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கினாள். பேருந்து ஜன்னலுக்கு எட்டும்படி பலூன் விற்கிற அதே குரலில், "சார், நான் இங்கனதான் பொறந்தேன். எப்பன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

எழுத்தர் சிரித்துக்கொண்டே பதிவேட்டை எடுத்தார். முதல் தேர் நாளில் இல்லை. இரண்டாவதில் அவர் விரல் நின்றது. தாய் காளியம்மாள், பெண் குழந்தை. பெயருக்கான இடத்தில் ஒன்றுமில்லை.

"பேரு எழுத ஒருத்தரும் வரலையே தாயி. பத்து வருஷமா ஒனக்காக எடம் காலியாக் கெடக்கு."

எந்த நாள் பிறந்த நாள்

காளியம்மாள் உள்ளே வந்து கைநாட்டு வைத்தார், பெயர் ஏறியது, சான்றிதழும் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாரி விடுதிக்குள் போனாள். மறு வருஷம் தேர் வேறு தேதியில் வந்தது. அவளைப் பார்க்கப் போனபோது, சான்றிதழில் உள்ள நாளை அவளிடம் நினைவுபடுத்தினேன்.

"அது ஆபீசுக்கு அக்கா. எனக்கு ஊரே கூடித் தேரு இழுக்கிற அன்னைக்குத்தான்."

மாரி இப்போது எட்டாம் வகுப்பு. நானோ இன்னும் அலுவலகக் கவுண்டர்களில் பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டுக்கொண்டு, என் கையிலிருக்கும் சீட்டைப் பிடுங்க ஆளில்லாமல் நிற்கிறேன்.