ஒட்டச் சொன்ன படம்

என் நாத்தனாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கேமராவின் முகத்தில் மூடியைப் போடுவார். டக் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அவரிடம் பேசிப் பயனில்லை.

எனக்கு அவர் அண்ணி. தெருவில் அவருக்குச் சும்மாக்கா என்று பெயர். கல்யாண வீட்டில் கேமராவைப் பார்த்து யாராவது முடியைச் சரிசெய்தால், "சும்மா இருங்க. உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பாக்கறேன்" என்பார். யாரையும் நிற்க வைத்து எடுக்க மாட்டார். யாரையும் நகரச் சொல்ல மாட்டார். நடப்பதை நடக்கும்போது எடுப்பார், தவறினால் தவறியதுதான். எங்கள் போட்டோக் கடைக்குக் கீழே இருக்கும் தையல்காரர், "எங்க வீட்டுக் கல்யாணத்தையும் சும்மாவே எடுத்துக் குடுத்துடுங்களேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "முதல்ல உங்க பையனைச் சம்மதிக்கச் சொல்லுங்க" என்று அண்ணியும் விடாமல் சொல்வார்.

அண்ணியின் கல்யாணத்தன்று விளக்குப் பிடிக்கும் ஆள் வரவில்லை. படம் எடுத்தவர், "கொஞ்சம் பிடிங்க" என்று என் மாமனார் கையில் விளக்கைத் திணித்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஆல்பத்தில் எங்கே தேடினாலும் அவர் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் விளக்குக் கம்பியைப் பிடித்த கை மட்டும் தெரியும். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணியின் கல்யாணமும் நிலைக்கவில்லை. கோபம் மட்டும் நிலைத்தது. அந்தக் கோபத்தில்தான் அவர் கேமரா வாங்கினார் என்று நினைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் எதிரில் பேச வராது. கடையில் கம்ப்யூட்டரில் படங்களை அடுக்குவேன், நிறம் சரிசெய்வேன். கல்யாணங்களுக்கு அண்ணியின் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன்.

அப்படிப் போன கல்யாணம் இது. பெண் நம் பாஷை, மாப்பிள்ளை வேறு தேசம், வேறு பாஷை. அவர் பக்கத்திலிருந்து அம்மா மட்டும் வந்திருந்தார். இரண்டு வீட்டு முறையும் கலந்து செய்வதாகப் பேச்சு. அவர்கள் முறை சின்னதுதான். அம்மா தன் கையால் தைத்த துணியைப் பிள்ளை, மருமகள் இருவர் தோளிலும் சேர்த்துப் போர்த்தி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சடங்குகள் முடிந்ததும் மேடையிலேயே அது நடக்கும் என்று பெண்ணின் தாய்மாமன் வாக்குக் கொடுத்திருந்தார். மண்டபம் முதல் மாலை வரை எல்லா ஏற்பாடும் அவர்தான்.

சடங்குகள் முடிந்தன. அந்த அம்மா துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடைப் படியருகே வந்து நின்றார். அதற்குள் உறவுக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டிவிட்டார்கள். தாய்மாமன் வீடியோவுக்கு என்று வேறு ஆட்களையும் கூட்டி வந்திருந்தார்.

"ஏங்க, தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றார் அவர். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. சிரித்தார். தாய்மாமன் அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையின் அம்மாவை! அண்ணியின் முகம் சிவந்தது. மூடியைப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

வரிசை குறையவே இல்லை. அந்த அம்மா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மண்டபத்துக்காரர் விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாக வெளியே போனார். மேடையிலிருந்து மணப்பெண், "அத்தை எங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "அவங்களுக்கு உடம்பு முடியலையாம்மா. வேணாம்னுட்டுப் போயிட்டாங்க" என்றார் தாய்மாமன். வாய் கூசவில்லை.

அந்த வாரமே அவர் கடைக்கு வந்தார். படங்களைத் திரையில் பார்த்தார். கடைசி நாற்காலிப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதெல்லாம் எதுக்கு எடுத்தீங்க? தூக்கிடுங்க. அப்புறம், அந்தம்மா துணியோட நிக்கிற படம் இருக்குல்ல? அதை வெட்டி மேடையில பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி ஒட்டிடுங்க. போர்த்துற மாதிரி."

"நடக்கலையே" என்றார் அண்ணி.

"நடந்த மாதிரி இருக்கட்டுமேம்மா. எங்க பொண்ணு மாமியார் மேல கோச்சுக்கிட்டுப் பேசவே மாட்டேங்குது. படத்தைப் பாத்தா ரெண்டு பேருக்கும் சந்தோஷம்தானே?"

"யாரால பேசலை?"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? ஆயிரம் வேலை! மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கன்னா நாலு பேர் வந்திருக்கணும். ஒத்தை ஆளா வந்தா கூட்டத்துல அப்படி இப்படித்தான் இருக்கும்."

டக். மூடி விழுந்தது.

தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கம்ப்யூட்டர்ல இது ஒரு வேலையா?"

வேலையே இல்லை. ஒட்டினது தெரியாமல் ஒட்ட எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முழங்கையைப் பிடித்து இழுத்துப் போன கையைக் கூட அழித்துவிடலாம். அப்புறம் அந்த அம்மா இந்த ஊரில் யாரிடம் போய் என்ன சொல்வார், எந்தப் பாஷையில் சொல்வார்?

"எந்தப் படம் வேணும்னு சொல்ல வேண்டியது கல்யாணப் பொண்ணு. அவங்களை வரச் சொல்லுங்க" என்றார் அண்ணி. அவர் வரச் சொல்லவில்லை. அண்ணிதான் போன் செய்தார்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். நடந்த வரிசையில் படங்களை ஓடவிட்டேன். படியருகே துணியோடு அத்தை. முழங்கையில் மாமாவின் கை. கடைசி நாற்காலி. பைக்குள் போகும் துணி.

"முடியலைன்னு மாமா சொன்னாரே. என் வீட்டுக்காரர் கேட்டப்பகூட அத்தை ஒண்ணுமில்லைன்னுட்டாங்களாம்" என்றாள். திரையைத் தொட்டாள். "நான் அவங்ககிட்ட மூஞ்சி குடுத்துக்கூடப் பேசலைக்கா. நாளைக்கு ஊருக்குப் போறாங்க." அழுவாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். "ஆல்பம் அப்புறம். கேமராவை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

பெண் வீட்டுச் சமையலறையில்தான் நடந்தது. அந்த அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார், பெட்டி கட்டி வைத்திருந்தது. மருமகள் அவர் முன்னால் தரையில் மண்டியிட்டு, கற்றுக்கொண்ட அரைகுறை பாஷையில் என்னவோ சொன்னாள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து துணியை எடுத்தார்.

தகவல் தெரிந்து தாய்மாமன் வந்துவிட்டார். "இதை மேடையிலயே செஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று சிரித்தபடி உள்ளே வந்து, அந்த அம்மாவுக்கு முன்னால், கேமராவுக்கு நேராக நின்றார். அண்ணி நகரச் சொல்லவில்லை. யாரையும் சொல்லாதவர் இவரை மட்டும் சொல்வாரா? படம் எடுத்தார்.

மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, தள்ளி நில்லுங்க. மறைக்குது."

அவர் சிரிப்பு போயிற்று. சுவரோரமாய் நகர்ந்தார். அதையும் அண்ணி எடுத்தார். பிறகு துணி இருவர் தோளிலும் விழுந்தது. அந்த அம்மா நாலு வார்த்தை சொன்னார்.

திரும்பி வரும்போது அண்ணி வேகமாக நடந்தார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

"அந்த ஆள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா, பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"கேட்டிருந்தா அதையும் எடுத்திருப்பேன்."