காதுகுத்து வீடியோவில் என் கால்

என்னை இடித்தவர் காரிலிருந்து இறங்கி வந்து முதலில் கேட்டது டிக்கெட். வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு திண்டிவனத்தில் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தவனைத் தூக்கி அடித்துவிட்டு, தள்ளாடி வந்து பக்கத்தில் குந்தி, "கண்டக்டரே, விழுப்புரம் ஒண்ணு குடுப்பா" என்றார். அவர் விட்ட மூச்சிலேயே எனக்கும் போதை ஏறியிருக்கும். வலியில் உயிர் போய்க்கொண்டிருந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில்லறையா குடுங்க." பதினெட்டு வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

அவர் குடித்திருந்ததைப் பற்றிப் பின்னால் யாரும் சண்டை போடவில்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதம் இருந்தது. சண்டையெல்லாம் என் வலது முட்டியைப் பற்றித்தான். மடங்காது என்றேன் நான். மடங்கும், ஆள் நடிக்கிறார் என்றது கார்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி. படிக்கட்டில் தொங்க முடியாதவனுக்குப் பஸ்ஸில் என்ன வேலை? முதலாளி எப்போதோ வேறு ஆளைப் போட்டுவிட்டார். கோர்ட்டும் நம்பாவிட்டால் குடும்பம் நடுத்தெருவில்தான். என் வக்கீல் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்.

"கேஸ் முடியற வரைக்கும் கைத்தடி இல்லாம கக்கூசுக்குக்கூடப் போவாதீங்க."

கக்கூசுக்குப் போகவில்லை. கண்டாச்சிபுரத்துக்குப் போனேன். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர். அவள் மகளுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன். மேளத்தோடு சீர்த்தட்டைக் கையில் ஏந்தி முன்னால் நடந்து வரவேண்டியவன். அக்காவின் மாமியார் வாசலிலேயே நின்று தட்டையும் எண்ணுவார், ஆளையும் எடை போடுவார். 'மாமனே நொண்டிக்கினு வந்தான்' என்று அக்காவை ஆயுசுக்கும் குத்திக்காட்டப் போதுமான வாய் அது. அதற்கு நான் இடம் கொடுப்பேனா? கைத்தடியை வேன் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு வலி மாத்திரையை விழுங்கினேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையில் பிடித்த உருண்டை அடுக்கிய தட்டோடு கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடந்தேன். மடங்காத காலை வீசி வீசி வைத்ததில் அது ராஜநடையாகவே தெரிந்தது. வீடியோக்காரர் என்னை விட்டு நகரவே இல்லை. நானும் இரண்டு முறை திரும்பிச் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த நடையை மட்டும் வெட்டி, 'என் தம்பி சிங்கம்' என்று எழுதி, அக்கா ஸ்டேட்டஸில் வைத்தாள். அது எப்படியோ சுற்றி இன்சூரன்ஸ் வக்கீல் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

திண்டிவனம் கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றேன். அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

"கைத்தடி எங்க?"

"வேன்ல இருக்குதுங்க."

கோர்ட்டே சிரித்தது. என் வக்கீல் மட்டும் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனி எந்தச் சாமி வந்து சாட்சி சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையில் அக்கா எழுந்தாள்.

"ஐயா, மீதியையும் பாருங்கய்யா! முழுசா எங்கிட்ட இருக்குது!"

நீதிபதி அதட்டி உட்கார வைத்தார். ஆனால் என் வக்கீலுக்கு உயிர் வந்துவிட்டது. மனுப் போட்டார். அடுத்த வாய்தாவில் முழு வீடியோவும் ஓடியது.

மணையில் நான். மடியில் குழந்தை. சுற்றிலும் எல்லோரும் சம்மணம் போட்டிருக்க, என் வலது கால் மட்டும் காது குத்த வந்த பத்தரின் மூக்குக்கு நேராக நீண்டிருந்தது. அக்காவின் மாமியார் குரல் கணீரென்று கேட்டது.

"இன்னாப்பா மாமன், சபையில காலை நீட்டிக்கினு? மடக்கு!"

"மடங்கலீங்க அத்த."

"அதெப்பிடி மடங்காது?" என்று என் முட்டியை ஓர் அமுக்கு அமுக்கினார்.

ஊசி குழந்தையின் காதைத் தொடவே இல்லை. அதற்குள் நான் அலறிவிட்டேன். அவள் ஆச்சரியத்தோடு திரும்பி என் வாயையே பார்க்க, அந்தச் சந்தில் பத்தர் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். குழந்தை அழவே இல்லை. அந்த மண்டபத்தில் அழுதது நான் ஒருவன்தான்.

இந்த முறை கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. முட்டி நிரந்தரமாக மடங்காது என்பதை நீதிமன்றம் ஏற்கிறது என்று வாசித்தார்கள். "ஜெயிச்சிட்டோம் கண்டக்டரே!" என்று வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் தலையாட்டினேன். ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, இன்றைக்காவது ஒரு விரற்கடை மடங்குகிறதா என்று அந்த முட்டியை அமுக்கிப் பார்ப்பேன். மடங்காது, மடங்காது என்று ஊருக்கெல்லாம் சத்தியம் செய்தவன், எனக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது அதையும் எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுக்கப் போகிறார்கள்.

வாசலில் அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். பழக்கதோஷத்தில் கைத்தடி முதுகுக்குப் பின்னால் போனது. பிறகு முன்னால் கொண்டுவந்து ஊன்றினேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மெதுவாக இறங்கினேன்.

"உன் மாமியார் பாப்பாங்களேக்கா?"

"பாக்கட்டும், நீ எறங்குடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசிப் படி வரைக்கும் எடுத்தாள்.